ரங்கூன் குடும்ப குரூப்: செல்வியோட பால் லோஷன்

செல்வி: [போட்டோ] இத பூசலாமா? ஏழாவது மாசம், கன்னம் ரெண்டுலயும் மங்கு. முன்னாடி மாட்டுப் படம், ‘மில்க் லோஷன்’. பின்னாடி பொடி எழுத்துல ‘லாக்டிக் ஆசிட் 5%’

பெரியம்மா: ஆசிட்டா!! வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மூஞ்சில ஆசிட் ஊத்துவாளாம். தூக்கிப் போடுடி

குமார் மாமா: காலை வணக்கம் 🌹

செல்வி: மாமா, மணி ஆறு இருவது சாயந்திரம்

குமார் மாமா: காலைல அனுப்பினதும்மா. கரண்ட் இப்பதான் வந்துச்சு

வாணி அண்ணி: அத்தை, என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூரா தயிரும் கடலைமாவும் குழைச்சு அப்பிவிட்டீங்களே. தயிர் எதனால புளிக்குது? இதே லாக்டிக் ஆசிட்தான்

ராஜா: 1780ல ஷீலேன்னு ஒருத்தர் புளிச்ச பால்லேர்ந்து பிரிச்சாரு, அதான் அந்தப் பேரு. இப்ப பெரும்பாலும் சோளச் சர்க்கரைய நொதிக்க வச்சு எடுக்கறாங்க. அந்த பாட்டில்ல பாலே இல்லாம மாட்டுப் படம் மட்டும் இருந்தாலும் இருக்கும்

வாணி அண்ணி: செல்வி, 5% பூசலாம். தோல் வழியா உள்ள போறது ரொம்பக் கொஞ்சம். 10% தாண்ட வேணாம். பார்லர்ல 30%ல பீலிங், அதாவது மேல்தோல உரிக்கிறேன்னு கூப்பிட்டா போகாத. ராத்திரி மட்டும் பூசு, பகல்ல ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன். இந்த ஆசிட் பூசின தோல் வெயில்ல சீக்கிரம் கருகும், மங்குக்கு வெயிலே ஆகாது. எரிஞ்சா நிறுத்திடு. பிள்ளை பொறந்து சில மாசத்துல பெரும்பாலும் மங்கு தானாவே மங்கும்

ராஜா: மங்கு மங்கும். அடடா

வாணி அண்ணி: லேபிள்ல ரெட்டினால், டிரெட்டினாயின் (ரெண்டும் வைட்டமின் ஏ வகை), ஹைட்ரோகுவினோன் (தோல வெளுக்க வைக்கிற மருந்து) இருந்தா மட்டும் தொடாத. ஹைட்ரோகுவினோன் பூசினதுல 35-45% உடம்புக்குள்ள போயிடும்

நிலா: அண்ணி எனக்கும் ஒரு சந்தேகம். மாமா, ராஜா, கொஞ்சம் கண்ண மூடிக்குங்க

ராஜா: டீக்கடைக்குக் கிளம்பிட்டேன்

நிலா: பால் குடுத்து காம்பு வெடிச்சிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பசும்பால பச்சையா தடவச் சொன்னாங்க

வாணி அண்ணி: ஐயோ வேணவே வேணாம். காய்ச்சாத பால்ல லிஸ்டீரியா, புருசெல்லா கிருமியெல்லாம் இருக்கலாம். வெடிச்ச தோல், அதுலயே பிள்ளை வாய் வைக்கும். உன் பாலையே ரெண்டு சொட்டு பிழிஞ்சு தடவிக் காய விடு. இல்ல லனோலின் வாங்கு, அது ஆட்டு ரோமத்துப் பிசுக்கு, பால் இல்ல. அப்புறம் பிள்ளை வாய் வைக்கிற விதத்த நாளைக்குப் பாக்கறேன், வெடிப்புக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும்

நிலா: ஆட்டுப்பால் சோப்பு?

வாணி அண்ணி: நீ குளிக்கலாம். பிள்ளைக்குக் கரப்பான் வந்து தோல் வெடிச்சிருந்தா அதுக்குப் போடாத, அந்த வெடிப்பு வழியா பால் அலர்ஜியே தொத்திக்கலாம். பசும்பால் ஒத்துக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாது

செல்வி: அண்ணி இதையும் பாருங்க [போட்டோ] பெரியம்மா மார்க்கெட்ல வாங்கிக் குடுத்தது. வெள்ளையாக்குற பால் கிரீமாம். நான் இன்னும் தொடல

வாணி அண்ணி: லேபிள் எங்க?

செல்வி: இல்ல. மூடிக்குள்ள சாம்பலா ஒட்டியிருக்கு

வாணி அண்ணி: மூடி வை, கைய சோப்பு போட்டுக் கழுவு. பேர் ஊர் இல்லாத இந்த மாதிரி வெள்ளை கிரீம்லதான் பாதரசம் கலக்கறாங்க. 10 லட்சத்துல 1 பங்குக்கு மேல இருக்கவே கூடாது, இந்த மாதிரி கிரீம்ல ஆயிரக்கணக்குலகூட இருக்கலாம். நஞ்சுக்கொடி தாண்டி பிள்ளைக்குப் போகும், தாய்ப்பால்லயும் போகும். பூசினவங்க துண்டு, தலையணையில பட்டு வீட்டுல உள்ளவங்களுக்கும் ஏறும்

பெரியம்மா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியம்மா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

குமார் மாமா: என்னக்கா?

பெரியம்மா: நாலு மாசமா நானும் அதான் பூசுறேன். ஞாயித்துக்கிழமை நிலா பிள்ளைய கன்னத்தோட கன்னம் வச்சு கொஞ்சினேனே வாணி

வாணி அண்ணி: பயப்படாதீங்க அத்தை. இன்னையோட நிறுத்துங்க. நாளைக்கு எட்டு மணிக்கு வர்றேன், கிளினிக் போயி மூத்திரம் டெஸ்ட் குடுக்கணும். பிள்ளையையும் டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிடுவோம். டப்பாவ குப்பையில போடாதீங்க, பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி தனியா வைங்க. செல்வி, நீயும் அப்படியே

பெரியம்மா: சரிம்மா. நம்ம பர்மா மரப்பட்டை தனக்கா பூசலாம்ல?

வாணி அண்ணி: கட்டைய கல்லுல நீங்களே அரைச்சா பூசுங்க. தலையணை உறைய மாத்துங்க மொதல்ல

குமார் மாமா: கரண்ட் போ