சுவிட்ச் செட்டிங்குகளுக்குத் தனித்தனி கிளாஸா, ஒரே பொதுக் கிளாஸா?

கதிர்:
எங்கள் மென்பொருள் 400 சுவிட்ச், ரவுட்டர்களை நிர்வகிக்கிறது. மூன்று கம்பெனிகளின் சாதனங்கள். ‘டிவைஸ்’ என்று ஒரு தாய் கிளாஸ், அதன் கீழ் மாடலுக்கு ஒரு கிளாஸ், ஒவ்வொரு செட்டிங்கும் ஒரு ப்ராப்பர்ட்டி. ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) மாறி ஒரு செட்டிங் கூடினால் அதற்கும் ஒரு கிளாஸ். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பெயர், மதிப்பு, வகை, எல்லை மட்டும் கொண்ட ஒரே ‘செட்டிங்’ கிளாஸ் போதும் என்று நினைக்கிறேன். புது மாடல் வந்தால் எந்தச் செட்டிங் எப்படி இருக்கலாம் என்று சொல்லும் ஒரு ஸ்கீமா ஃபைல், அவ்வளவுதான். என்ன சொல்கிறீர்கள்?

நூர்ஜஹான்:
வேண்டாம் கதிர். செட்டிங்கின் பெயரை வெறும் எழுத்தாக வைத்தால், ஓர் எழுத்துப் பிழையைக் கம்பைலர் பிடிக்காது. நள்ளிரவில் சாதனம்தான் பிடிக்கும். அதோடு செட்டிங்குகள் தனித்தனியாக வாழ்வதில்லை. கணினி செருகும் அக்ஸஸ் போர்ட்டுக்கு ஒரு விலான் (ஒரே கட்டமைப்புக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), சுவிட்சுகளை இணைக்கும் ட்ரங்க் போர்ட்டுக்குப் பல. உங்கள் பட்டியலுக்கு அது தெரியாது. அந்த விதி கடைசியில் திரைக்கான கோடில் போய் உட்காரும். உங்கள் நோய் டைப் இல்லை, தாய் கிளாஸின் கீழ் கிளாஸாக அடுக்கும் இன்ஹெரிட்டன்ஸ். பிஓஇ (கேபிள் வழியே மின்சாரம்), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் முறை) போன்ற ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கிளாஸ் எழுதுங்கள். எந்தெந்தத் திறன் உண்டு என்பதுதான் மாடல்.

கதிர்:
விதிகளை ஸ்கீமாவிலேயே எழுதலாமே? சாதன அமைப்பை விவரிக்கும் யாங் மொழி அதற்குத்தானே வந்தது. 2010இல் அதன் தர ஆவணம் ஆர்எஃப்சி 6020 வந்தபோதே ‘மஸ்ட்’, ‘வென்’, ‘லீஃப்ரெஃப்’ என்ற விதிச் சொற்கள் எல்லாம் இருந்தன. விலான் எண் 1 முதல் 4094 வரை என்பது அதில் ஒரே வரி. கையால் எழுதும் கிளாஸ், புது ஃபர்ம்வேருக்குப் பின்னால்தான் எப்போதும் ஓடும்.

நூர்ஜஹான்:
கையால் எழுதச் சொல்லவில்லையே. யாங்கிலிருந்து பைத்தான் கிளாஸ்களை உருவாக்கித்தர பியாங்பைண்ட் என்ற கருவி இருக்கிறது. ஸ்கீமாவும் வேண்டும், டைப்பும் வேண்டும்.

சேவியர்:
நான் கோடு எழுதுபவன் அல்ல, நெட்வொர்க்கை ஓட்டுபவன். நீங்கள் இருவரும் தொடாத இடத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. முன்பு நான் இருந்த இடத்தில், போர்ட் கிளாஸில் எம்டியூவின் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) தொடக்க மதிப்பு 1500. ஸ்டோரேஜ் பக்கம் இருந்த போர்ட்டுகளில் 9000 கையால் போட்டிருந்தோம். ஒருவர் போர்ட்டின் விவரக் குறிப்பை மட்டும் திருத்திச் சேமித்தார். மென்பொருள் முழு ஆப்ஜெக்ட்டையும் சாதனத்துக்கு எழுதியது. 9000 எல்லாம் 1500 ஆனது. சிறிய சோதனைப் பாக்கெட்டான பிங் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை. விடியும்வரை தேடினோம். ‘யாரும் போடவில்லை’ என்பதும் ‘1500 என்று போட்டார்கள்’ என்பதும் வேறு வேறு. உங்கள் கிளாஸில் அந்த வித்தியாசத்துக்கு இடம் இருக்கிறதா?

அப்புறம், 1500 என்றால் என்ன? சிஸ்கோவின் ஐஓஎஸ்ஸில் இன்டர்ஃபேஸ் எம்டியூ 1500 என்பதும், அதன் ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் ஜூனிப்பரின் ஜூனோஸிலும் 1514 என்பதும் ஒன்றுதான். பின்னவை ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் சேர்த்து எண்ணுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ‘எம்டியூ’ என்று பெயர் வைத்து 1500 அனுப்பினால், ஓஎஸ்பிஎஃப், ரவுட்டர்கள் தகவல் பரிமாறத் தொடங்கும் எக்ஸ்டார்ட் கட்டத்திலேயே நின்றுவிடும்.

நூர்ஜஹான்:
சேவியர் அண்ணா, நான் சொல்வதும் இதைத்தான். ‘ஐபி எம்டியூ’ என்று தனி டைப் இருந்தால், 14ஐக் கூட்டுவது அந்தந்தக் கம்பெனிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் அடாப்டர் கோடின் வேலை. வெறும் முழு எண்ணில் அந்த அர்த்தம் தொலைந்துபோகும்.

கதிர்:
எம்டியூ விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்டிபி (நேரம் தரும்) சர்வர், சிஸ்லாக் (பதிவுகளை அனுப்பும்) முகவரி, பேனர் (உள்நுழையும்போது தெரியும் வாசகம்) இதற்கெல்லாமா தனி டைப்? எண்ணற்ற செட்டிங்குகளை வாங்கி, சரிபார்த்து, அப்படியே அனுப்புவதுதான் வேலை. அங்கே பொதுக் கிளாஸே போதும். சரி, மதிப்பை மாற்றியதும் ப்ராப்பர்ட்டியின் செட்டரே (மதிப்பை எழுதும் ஃபங்ஷன்) சாதனத்துக்கு அனுப்புகிறது. அது பரவாயில்லையா?

சேவியர்:
அதை முதலில் எடுத்துவிடுங்கள். சுவிட்சை நிர்வகிக்க நாம் நுழையும் மேனேஜ்மென்ட் விலானை மாற்றும் வரி முதலில் போய், ட்ரங்கில் அதை அனுமதிக்கும் வரி பிறகு போனால், அந்தப் பிறகு வராது. சுவிட்ச் கையைவிட்டுப் போய்விடும். வண்டியெடுத்துக்கொண்டு போய் கன்சோல் கேபிள் செருக வேண்டும். எல்லா மாற்றத்தையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். நெட்கான்ஃப் என்ற நிர்வாக நெறிமுறையில், கேண்டிடேட் என்ற வரைவில் எழுதி, உறுதிக்குக் காத்திருக்கும் கமிட் கொடுக்கலாம். 600 வினாடிக்குள் உறுதி வராவிட்டால் சாதனம் தானே பழைய நிலைக்குத் திரும்பும். காலத்தைச் சொல்லாவிட்டால் அதுதான் கணக்கு.

இன்னொன்று. அமைப்பு வேறு, நடப்பு நிலை வேறு. 2002இல் நடந்த ஐஏபி (இணையக் கட்டமைப்பு வாரியம்) பட்டறையில் நெட்வொர்க் ஓட்டுபவர்கள் கேட்டவற்றில் இந்தப் பிரிவும் ஒன்று. ஆர்எஃப்சி 3535இல் இருக்கிறது. போர்ட்டை ‘ஆன்’ என்று நான் போட்டிருக்கலாம், கேபிள் பிடுங்கிக் கிடக்கலாம். ஒரே ப்ராப்பர்ட்டி இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

கதிர்:
செட்டர் இன்றோடு போகிறது. இன்டர்ஃபேஸ், விலான் இரண்டை மட்டும் நூர்ஜஹான் சொன்னபடி டைப்போடு எழுதிப் பார்க்கிறேன், ‘போடவில்லை’ என்ற நிலையையும் சேர்த்து. மற்றவை பொதுக் கிளாஸில்தான். அதில் நான் மாறவில்லை.

நூர்ஜஹான்:
அப்படியானால் சிஸ்லாக் முகவரி எந்த விஆர்எஃப் (ரவுட்டருக்குள் பிரித்த தனி வழிப்பட்டியல்) வழியாகப் போகும் என்பதை எங்கே வைப்பீர்கள்? அந்த விஆர்எஃபை ஒருவர் அழித்தால் உங்கள் பட்டியலுக்கு எப்படித் தெரியும்?