கசிவடைப்பு: செவிச்செருகிகளை ஒப்பிட வேண்டிய சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காதுக் கால்வாய்க்குள் செருகிப் பாட்டுக் கேட்கும் சின்ன இயர்போனுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதிலேயே நம் கலைச்சொல் விவாதம் நீண்டுகொண்டு போகிறது. அதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, எனக்கு அதைவிட அவசியமாகப் படுகிற இன்னொரு சொல்லுக்கு வருகிறேன்.

‘உட்செவிபேசி’ வேண்டாம். உட்செவி என்று பாடப்புத்தகம் சொல்வது செவிப்பறைக்கும் நடுச்செவியின் சிற்றென்புகளுக்கும் அப்பால் இருக்கும் பகுதியை. அங்கே ஒரு பொருளை வைப்பது என்றால் அது சத்திரசிகிச்சை. நாம் பேசும் கருவி நுழைவது புறச்செவியின் கால்வாய்க்குள், அதுவும் வாசலில் கொஞ்சத் தூரம்தான். ‘காதணி’ என்று தொடங்கும் எல்லாச் சொல்லும் தோட்டையும் ஜிமிக்கியையும் நினைவுக்குக் கொண்டுவருகிறது. ‘செவிச்செருகி’ என்ற முன்மொழிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் மின்னியல் படித்தவர்களுக்குச் செருகியும் (பிளக்) அது நுழையும் குதையும் பழகிய சொற்கள். வயரின் மறுமுனையில் இருக்கும் 3.5 மி.மீ. முனையும் செருகிதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். போன் பக்கம் இருப்பது செருகி, காதுப் பக்கம் இருப்பது செவிச்செருகி. ஒரே வசனத்தில் இரண்டும் வந்தாலும் குழம்பாது. இன்னொரு வசதியும் உண்டு. கால்வாய்க்குள் போகாமல் காது மடலின் குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பழைய வகையை இந்தச் சொல் தானாகவே விலக்கிவிடுகிறது. கடையில் எல்லோரும் ஹேண்ட்ஃப்ரீ என்றுதான் கேட்கப் போகிறார்கள், கேட்கட்டும். எழுத்துக்குச் செவிச்செருகி போதும்.

சரி, இனி என் விடயம். இந்தக் கருவிகளை ஒப்பிட்டுத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். ‘இறுக்கம்’ என்ற ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது. இறப்பர் முனை கால்வாய்ச் சுவரோடு காற்றுப் போகாமல் ஒட்டியிருப்பதும் இறுக்கம். காது நோகிற அளவுக்கு அழுத்துவதும் இறுக்கம். வெளிச்சத்தம் உள்ளே வராததும் இறுக்கம். நம்முடைய குரலே மண்டைக்குள் முழங்குவதும் இறுக்கம். இவற்றில் முதலாவது ஒலியைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது சௌகரியத்தைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு ஒலியையும் சௌகரியத்தையும் எப்படி ஒப்பிடுவது?

முதலாவதற்கு வேறு சொல் வேண்டும் என்பதில் பலர் உடன்படுகிறீர்கள். ‘முத்திரை’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அகராதியில் முதலாவதாகக் கிடந்த பொருளை எடுத்து வைத்திருக்கிறார்கள். ‘நல்ல முத்திரை கிடைக்கவில்லை’ என்று படிக்கிறவர் தபாற்கந்தோரை நினைப்பார். ‘சீல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: எங்கள் பேச்சில் சீல் என்றால் அலுவலகத்தில் குத்துவது, இல்லாவிட்டால் கடையைப் பூட்டிச் சீல் வைப்பது. ‘காற்றடைப்பு’ என்றால் சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பது போலத் தொனிக்கிறது. ‘வளியடைப்பு’ இலங்கைப் பாடநூல் நடைக்குப் பொருந்தும், ஆனால் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு வளி அன்றாடச் சொல் இல்லை. அதோடு வளியை அடைப்பதா, வளிக்கு எதிராக அடைப்பதா என்ற ஐயமும் வருகிறது.

என் முன்மொழிவு: கசிவடைப்பு.

கசிவு எல்லா ஊரிலும் ஒன்றுதான். அடைப்பும் அப்படித்தான். இது குழாய் வேலைக்காரர் சொல் மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு வரும் என்று தெரியும். நடப்பதும் அதுதான்: குழாய் மூட்டில் நூல் சுற்றி ஒழுக்கை நிறுத்துவதைப் போல, மெல்லிய இறப்பர் விளிம்பு ஒன்று காற்றின் ஒழுக்கை நிறுத்துகிறது. பெயர் அந்த வேலையைச் சொல்லட்டும்.

இந்த ஒழுக்கு ஒலியை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செருகியின் முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் எஞ்சுவது மிகச் சிறிய காற்றறை, ஒரு கன சென்ரிமீற்றர் அளவில். அது முழுதாக மூடியிருந்தால், உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் மென்தகடு இம்மியளவு அசைந்தாலும் அறையின் அமுக்கம் கூடவே ஏறி இறங்கும். அதிர்வு செக்கனுக்கு 20 தடவை (20 ஹேர்ட்ஸ்) வரைக்கும் இறங்கினாலும் அது நடக்கும். விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுந்துவிட்டால், மெதுவாக மாறுகிற அமுக்கம் அந்த வழியாகத் தப்பிப்போய்விடும். வேகமாக மாறுவதற்குத் தப்ப நேரம் கிடைக்காது. ஆகவே கசிவு ‘அடி’ என்று நாம் சொல்லும் தாழ்ந்த சுரங்களைத்தான் தின்னும், உயர்ந்தவற்றை அப்படியே விட்டுவைக்கும். ஒரே செவிச்செருகியை ஒருவர் ‘அடியே இல்லை, கீச்சென்கிறது’ என்றும் இன்னொருவர் ‘அடி கும்மென்கிறது’ என்றும் எழுதுவதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமில்லை. முதலாமவர் பெரும்பாலும் கசிவோடு கேட்டிருக்கிறார். மேடைப் பேச்சை மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இதைச் சோதிக்க அருமையான ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. வடமோடிக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் மத்தளத்தின் இடந்தலை (இடக்கைப் பக்கம்), மறுபுறம் சல்லரி என்ற கைத்தாளம். ஒன்று அடியில், மற்றது உச்சியில். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டும். அயலில் இருக்கும் அண்ணாவியார் ஒருவருக்கு அவர் ஆடவைத்த கூத்தின் பதிவையே போட்டுக் கேட்கக் கொடுத்தேன். நடுத்தர அளவு இறப்பரோடு. முகம் சுளித்தார். “காது நோகுது தம்பி. நோகியும் மத்தளத்துட அடி எங்க போன?” என்றார். அவருடைய கால்வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது. முனை ஒரு பக்கத்தில் குத்திக்கொண்டும் மறுபக்கத்தில் திறந்துகொண்டும் இருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய, ஆனால் மென்மையான முனையை மாற்றியதும் நோவும் போனது, இடந்தலையும் வந்தது. இறுக்கம் குறைந்து கசிவடைப்புக் கூடியது. இந்த வசனத்தை ‘இறுக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், முடியாது.

இதைத் தயாரிப்பாளர்களின் வடிவமைப்பிலும் பார்க்கலாம். நடுத்தர விலை என்று நான் சொல்வது வெளிச்சந்தையில் 50 டொலரிலிருந்து 150 டொலர் வரை அறிமுகமானவற்றை. சென்ஹைசர் ஐஇ 200 என்பது 2023இல் வந்தது, 7 மி.மீ. மென்தகடு. அதன் இறப்பரை, ஒலி வெளிவரும் குழலில் இரண்டு நிலைகளில் மாட்டலாம். உள்ளே தள்ளி மாட்டினால் குழலில் இருக்கும் சிறு துளை மூடப்பட்டு அடி கூடும். கொஞ்சம் வெளியே இழுத்து மாட்டினால் துளை திறந்து அடி குறையும். அதாவது கசிவையே ஒரு சரிசெய்யும் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை விளக்குகிறவர் ‘துளை திறந்திருக்கும்போது கசிவடைப்புத் தளரும்’ என்று எழுதினால் படிக்கிறவருக்குக் காரணமும் சேர்ந்தே கிடைக்கும். காதில் இறுக்கம் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஷூர் எஸ்இ215 இதற்கு எதிர்த்திசை. அதோடு வரும் நுரைமுனையை விரலால் உருட்டி நசுக்கி உள்ளே வைத்து, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். விரிந்த பிறகு கால்வாயின் வடிவத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். கசிவடைப்பில் இந்த விலையில் இதற்கு இணை நான் கேட்டதில்லை. பாடுமீன் இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு, தண்டவாளச் சத்தத்தை இவ்வளவு குறைப்பதே பெரிய நிம்மதி. அடி தாராளம், உச்சி கொஞ்சம் மங்கல். சல்லரியின் மினுக்கம் குறைந்துதான் வரும். எங்கள் வெக்கையில் வியர்த்த காதுக்கு நுரை அவ்வளவு உகந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சிலிக்கனைக் கழுவித் துடைத்து மறுபடி போடலாம். நுரை அழுக்கேறும், பிறகு விரியாது, விரியாவிட்டால் கசியும்.

ட்ரூத்இயர் ஸீரோவில் 10 மி.மீ., 7.8 மி.மீ. என்று இரண்டு மென்தகடுகள். அடியும் நடுவும் ஒன்றையொன்று மிதிக்காமல் வருகின்றன, இடந்தலையின் அதிர்வு நீண்டு அடங்குவதுகூடக் கேட்கிறது. ஆனால் அதன் குழல் தடிப்பு. சிறிய காதுள்ளவருக்கு இங்கேதான் இறுக்கமும் கசிவடைப்பும் பிரிகின்றன: கசிவே இல்லாமல் நோகும். ஃபைனல் ஈ3000 அதற்கு நேர்மாறாகச் சின்ன உருளை, எடையே தெரியாது, வயர் நேராகக் கீழே தொங்கும், ஐந்து அளவு முனைகளோடு வரும். நாட்கணக்காகக் கேட்கப் போகிறேன் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். உடலின் பின்புறம் திறந்த வலை இருப்பதால் பஸ் சத்தம் உள்ளே வரும். கவனியுங்கள், முனை கால்வாயில் கசியாமல்தான் ஒட்டியிருக்கிறது. சத்தம் வருவது வேறு வழியால். ஆகவே ‘வெளியொலித் தடுப்பு’ தனிச் சொல்லாக இருக்க வேண்டும், கசிவடைப்புக்குள் அதைப் போடக்கூடாது. தடுப்புக் குறைந்தவர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பதாலும் இது முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல்.

நான்காவதுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. செவிச்செருகியை மாட்டிக்கொண்டு பேசினாலோ மென்றாலோ நடந்தாலோ உள்ளே முழங்குகிறதே, அது ‘காதடைப்பு’. தடிமல் வந்தாலும் பசித்தாலும் நாம் சொல்கிற அதே சொல். எலும்பு வழியாக வரும் நம் குரலின் தாழ்ந்த பகுதி, வாசல் திறந்திருந்தால் வெளியேறிவிடும். மூடினால் உள்ளேயே தங்கும். கசிவடைப்பும் காதடைப்பும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள் எடிமோட்டிக் ஈஆர்4ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் வந்த அதன் மூன்றடுக்கு முனை கால்வாயின் ஆழத்துக்குப் போகும். கசிவடைப்பு முழுமை, ஆனால் ஆழத்தில் மூடுவதால் குரல் முழக்கம் மேலோட்டமாக மூடுவதைவிடக் குறைவு. ஆழம் பலருக்குச் சகிக்காது என்பது வேறு கதை. காது கேட்கும் கருவி செய்கிறவர்கள் காதடைப்பைத் தணிக்கத்தான் முனையில் சிறு துளை விடுகிறார்கள்.

‘அணிசௌகரியம்’ என்று ஒரு நண்பர் கொடுத்ததை அப்படியே ஏற்கலாம். ஒன்று மட்டும்: ஒப்பீடு எழுதுகிறவர்கள் அதை ஒரே மதிப்பெண்ணாகப் போடாமல் எதனால் நோகிறது என்று எழுத வேண்டும். காத்தான்குடியில் என் நண்பரின் தங்கை ஒருவர், காதுக்கு மேலால் வயரைச் சுற்றும் எந்த வகையும் முக்காட்டுக்குள் அழுத்துகிறது என்றார். நேராகத் தொங்கும் வகைதான் அவருக்குத் தோது. கண்ணாடி போடுகிறவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். இது கால்வாய் நோவு இல்லை, மடல் நோவு. வயர் சட்டையில் உரசும் சத்தத்துக்கு ‘வயர் உரசல்’ போதும், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மட்டக்களப்பிலிருந்து இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் படித்தவர், பிற்காலத்தில் யாழின் சுரங்களைக் கணக்கிட்டே ஆராய்ந்தவர். ஒலியைப் பற்றித் தமிழில் துல்லியமாக எழுத முடியும் என்பது எங்களுக்குப் பழைய செய்தி.

ஆகவே நம் கலைச்சொற் பட்டியலில் சேர்க்க நான் கேட்பது: கசிவடைப்பு, இறுக்கம், வெளியொலித் தடுப்பு, காதடைப்பு என நான்கும் தனித்தனியாக. வினையாகச் சொல்லும்போது ‘கசிகிறது’, ‘கசியவில்லை’ போதும். கடையில் முனை மாற்றித் தருகிற பையனிடம் “இது கசியுது, பெரிய இறப்பர் தாங்க” என்றால் அவருக்கும் விளங்கும்.

இறப்பர் மாட்டப்படும் குழலுக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ‘ஒலிக்குழல்’ என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். திருத்துகிற கடைகளில் அதை ‘மூக்கு’ என்கிறார்கள். “மூக்கு அடைச்சிட்டு, குடுமி எடுக்கணும்” என்றால் குழலின் வலையில் காதுக்குடுமி (காதழுக்கு) அடைத்துவிட்டது என்று பொருள். நான் மூக்கின் பக்கம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து