சனிக்கிழமை பேக்கன்: வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா?

மீனா_ஈஸ்ட்ஹாம்:
லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் பையன்களுக்கு பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு), முட்டை, வதக்கிய தக்காளி. ஊரிலிருந்து வந்திருக்கும் என் நாத்தனார் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "புற்றுநோய் கொடுக்கிற சாமான், இதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது ரொம்ப அதிகமாகப் படுகிறது. வாரம் ஒரு நாள், ஆளுக்கு இரண்டு துண்டு. மற்ற நாளெல்லாம் சோறு, பருப்பு, கீரை, மீன். பேக்கனைக் கருவாடு மாதிரி வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. கருவாட்டை யாரும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதில்லை. நாலு துண்டு போட்டால் குழம்பே மணக்கும்.

செல்வா:
உங்கள் நாத்தனார் பக்கம்தான் நான். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் அதே பிரிவுதான். தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. பேக்கன் கெடாமல் இருக்க அதில் சோடியம் நைட்ரைட் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். கடும் சூட்டில் அது இறைச்சியோடு வினைபுரிந்து, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன் என்ற பொருள் உண்டாகிறது. கருவாட்டில் உப்பும் வெயிலும்தானே? இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

மீனா_ஈஸ்ட்ஹாம்:
ஒரே பிரிவு என்றால் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை, செல்வா. சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. இந்த நாட்டில் வாழ்நாளில் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வருகிற நோய், தினமும் 50 கிராம் தின்கிற நூறு பேரில் ஏழு பேருக்கு வரும். அதுதான் அந்த 18 சதவீதம். அந்த ஏழாவது ஆளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் பையன்கள் தினமும் தின்பதில்லையே.

ரூபன்_ஸ்காபரோ:
செல்வா அண்ணை, கருவாட்டை அவ்வளவு சுலபமா விட்டுடாதேங்கோ. சீன முறையில உப்புப் போட்ட மீனும் அதே முதல் பிரிவிலதான் இருக்குது.

மீனா அக்கா, பொரிக்கிற விதத்திலதான் கன விஷயம் இருக்கு. சூடான சட்டியில போடாதேங்கோ. குளிர்ந்த சட்டியில அடுக்கி, ஒரு கரண்டி தண்ணி விட்டு, மெல்லிய நெருப்பில வையுங்கோ. தண்ணி வத்துறதுக்குள்ள கொழுப்பு உருகத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் எடுக்கும். பொன்னிறமா வந்த உடன எடுத்துக் கடதாசியில போடுங்கோ, கருக விடக்கூடாது. டொரொண்டோவில செயின்ட் லாரன்ஸ் சந்தையில பீமீல் பேக்கன் எண்டு ஒண்டு இருக்கு. பன்றியின்ர முதுகுப்பக்க இறைச்சியை உப்புத்தண்ணியில ஊறவைச்சு சோள மாவில உருட்டி எடுக்கிறது. முந்தி காய்ஞ்ச பட்டாணியை அரைச்ச மாவாம், அதுதான் அந்தப் பேர். கொழுப்பு நல்லாக் குறைவு.

செல்வா:
உப்பு மீன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ரூபன். நானே கருவாட்டுப் பிரியன், அதனால் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஆனால் பீமீலில் கொழுப்பு குறைந்தாலும் உப்புத்தண்ணியில் ஊறினது ஊறினதுதான். பிரிட்டனில் 100 கிராமுக்கு 1.5 கிராமுக்கு மேல் உப்பு இருந்தாலே பொட்டலத்தில் சிவப்பு அடையாளம். பேக்கனில் பெரும்பாலும் 2.5, 3 கிராம்கூட இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 6 கிராம்தான் வரம்பு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. எங்கள் வீட்டில் அப்பா இரத்தக்கொதிப்போடு பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். சின்ன வயதில் நாக்கு பழகிய உப்பை நாற்பது வயதில் குறைப்பது சுலபமில்லை.

இன்னொன்று: உருகிய கொழுப்பை என்ன செய்கிறீர்கள்? நைட்ரோசமைன் துண்டில் மட்டும் நிற்பதில்லை, அந்தக் கொழுப்பிலும் தங்குகிறது.

மீனா_ஈஸ்ட்ஹாம்:
இது எனக்குப் புதிது. நான் அதைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து வைத்து உருளைக்கிழங்கு வறுப்பேன். இன்றைக்கே கொட்டிவிடுகிறேன். உப்பைப் பற்றிச் சொன்னதற்கும் என்னிடம் பதிலில்லை.

"நைட்ரைட் சேர்க்காதது" என்று போட்டு விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

ரூபன்_ஸ்காபரோ:
பின்பக்கத்தை வாசிச்சுப் பாருங்கோ, அக்கா. செலரித் தூள் (செலரி எண்ட கீரைத்தண்டின்ர தூள்) எண்டு இருந்தா அதுக்குள்ள இருந்தும் நைட்ரைட்தான் வருது. உண்மையாவே உப்பு மட்டும் போட்டும் செய்யலாம். இத்தாலியில பார்மா ஹாம் எண்ட உப்புப் போட்டுக் காயவைச்ச பன்றித் தொடையை 1993-இல இருந்து நைட்ரைட் இல்லாமத்தான் செய்யினம். ஆனா அது மாசக்கணக்கில பதமாகிற சாமான், விலையும் அப்பிடி.

செல்வா:
நான் வாங்கப்போவதில்லை. அதில் மாற்றமில்லை. ஆனால் மீனா, கருவாடு மாதிரி என்றீர்களே, அப்படியானால் தட்டில் ஆளுக்கு இரண்டு துண்டு வைப்பது எப்படிக் கருவாடாகும்?

மீனா_ஈஸ்ட்ஹாம்:
நியாயமான கேள்வி. நாலு பேருக்கும் சேர்த்தே இரண்டு துண்டில் முடிகிற ஒன்று செய்வேன், வருகிற சனிக்கிழமை அதுதான். பட்டாணிப் பருப்பு ஒரு கப் ஊறவைக்கிறேன். பேக்கனைப் பொடியாக நறுக்கி, ரூபன் சொன்ன மாதிரி குளிர்ந்த சட்டியில் வைத்து, கொழுப்பை வடித்துவிட்டு, கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், கேரட், நாலு மிளகு போட்டு வதக்கி, பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் பல நாள் போடவே வேண்டியிருக்காது.