நிஷிகி சந்தையில் மீன் கலக்காத உணவு அம்மாவுக்குக் கிடைக்குமா?

தூரப்பயணி
அடுத்த மாதம் அம்மாவுடன் கியோட்டோ போகிறேன். நிஷிகி சந்தையில் ஒரு முற்பகல் முழுவதையும் கழிக்க ஆசை. அம்மா முட்டை சாப்பிடுவார். மீனையும் இறைச்சியையும் தொடமாட்டார். அங்கே அவர் நம்பி வாயில் வைக்க ஏதாவது இருக்கிறதா, வேடிக்கை மட்டும்தானா? எந்த நேரத்தில் போவது நல்லது?

மழைக்குடை
காலை பத்து மணிவாக்கில் போங்கள். மதியத்துக்கு மேல் தோளோடு தோள் இடிக்கும். புதன்கிழமைகளில் பல கடைகள் திறப்பதில்லை. சில்லறை யென் வைத்துக்கொள்ளுங்கள். தாஷிமாகி என்ற முட்டைச் சுருள் சுடச்சுடக் கிடைக்கும், அம்மாவுக்கு அது போதும்.

கமோ நதிக்கரை
தயவுசெய்து தாஷிமாகியை அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் பெயரிலேயே இருக்கும் ‘தாஷி’ பெரும்பாலும் கட்சுவோபுஷியில் இறக்கிய சாறு. புகையூட்டிக் காயவைத்த சூரை மீன் அது. மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். கண்ணுக்கு முட்டை மட்டும்தான் தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கியோட்டோவுக்குக் குடிவந்த முதல் வருடம் மாமியாரை நிஷிகிக்கு அழைத்துப் போனேன். வெள்ளரிக்காய் ஊறுகாய்தானே என்று வாங்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு துண்டு தின்ற பிறகுதான் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன்: கட்சுவோ. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவுவரை தண்ணீர் மட்டுமே குடித்தார். ஒன்பது வருடமாகியும் அந்த நாள் எனக்கு உறுத்துகிறது.

அதனால் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “கட்சுவோ தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?” கட்சுவோ தாஷி சேர்ந்திருக்கிறதா என்று பொருள். ‘ஹாய்’ என்று பதில் வந்தால் ‘ஆமாம்’. வைத்துவிட்டு நகருங்கள்.

அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது யுபா. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை அது. அப்படியே சாப்பிடலாம், மேலே ஊற்றித் தரும் சாற்றைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த கஷ்கொட்டையும் உண்டு. ஊறுகாய்க் கடைகளின் முன்னால் நின்று பார்ப்பதே ஒரு விருந்து. நுகாசுகே என்பது அரிசித் தவிட்டில் ஊறவைப்பது. ஒரு கடைக்கார அம்மாள் கையை முழங்கைவரை தவிட்டுக்குள் விட்டு ஒரு கத்தரிக்காயை வெளியே எடுத்தார். மேலே ஒட்டியிருந்த ஈரத் தவிட்டைக் கட்டைவிரலால் வழித்தார். உள்ளிருந்து கருநீலத் தோல் பளபளத்தது. புளித்த தவிட்டு வாசனை இரண்டு கடை தள்ளியும் வந்தது.

எதை வாங்கினாலும் அந்தக் கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டு, குச்சியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். நடந்துகொண்டே தின்ன வேண்டாம் என்று வியாபாரிகளே கேட்டுக்கொள்கிறார்கள். ஒடுக்கமான தெரு, 390 மீட்டர்தான். ஊர்க்காரர்கள் இன்னும் சமையலுக்கு வாங்க வருகிற இடம், நாம் அவர்களுக்கு வழி விட வேண்டும்.

தூரப்பயணி
அம்மா அந்த வாக்கியத்தை இப்போதே சொல்லிப் பார்க்கிறார். மிக்க நன்றி. தின்பதைத் தவிர வேறு எதைப் பார்க்கலாம்?

கமோ நதிக்கரை
கிழக்குக் கோடியில் நிஷிகி தென்மாங்கு கோயில் இருக்கிறது. அதன் கல் தோரண வாயிலின் இரு முனைகளும் பக்கத்துக் கட்டடச் சுவர்களுக்குள் புகுந்திருக்கும். அண்ணாந்து பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். உள்ளே நிலத்தடி ஊற்று நீர் விழுகிறது, குடிக்கலாம். குளிர்பெட்டி வராத காலத்தில் இந்தக் குளிர்ந்த நிலத்தடி நீரை நம்பித்தான் இங்கே மீன் வியாபாரம் வளர்ந்தது.

ஓவியர் இட்டோ ஜாகுச்சு 1716இல் இந்தத் தெருவின் காய்கறி மொத்த வியாபாரி வீட்டில் பிறந்தவர். அவருடைய ஒரு மை ஓவியத்தில், கவிழ்த்த கூடையின்மேல் முள்ளங்கி ஒன்று பரிநிர்வாண புத்தராகப் படுத்திருக்கும். சுற்றிலும் மற்ற காய்கறிகள் துக்கத்தோடு கூடியிருக்கும். மாலையில் கடைகள் மூடியபின் ஒருமுறை திரும்பி வாருங்கள். இறக்கிய ஷட்டர்களில் அவருடைய ஓவியங்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். கூட்டம் இருக்காது, அம்மா நிதானமாக நடந்து பார்க்கலாம்.