பணிஸிலயும் முட்டை இருக்குமோ?

என்ட மகனுக்கு ஒண்டரை வயசு, முட்டை குடுத்தா பத்து நிமிசத்தில வாயைச் சுத்தித் தடிக்குது, முழங்கை மடிப்பில சொறி வேற, கொழும்பு வேர்வைக்கு இன்னும் மோசம். நேற்று வெள்ளவத்தையில வாங்கின பணிஸ், ஒரு கடிதான், திரும்பவும் அதே. பணிஸில எங்கால முட்டை?

பதில்: மேல மினுங்குதே, அது அனேகமா முட்டை பூசினதுதான். ரோல்ஸ், கட்லட்டும் அப்பிடித்தான், கேட்டு வாங்குங்கோ.

பதில்: சொறிக்கு, குளிப்பாட்டி ஈரம் காயமுன்னம் வாசமில்லாத கிரீம் பூசுங்கோ. என்ட மாமி கடலைமாதான் எண்டு நிண்டவ, ஒரு மாசம் சண்டை 😅

பதில்: முட்டையை இப்ப விடுங்கோ, ஆனா சொறிக்குப் பயந்து பால், மீன் எல்லாத்தையும் நீங்களா நிப்பாட்டாதீங்கோ, டொக்டரிட்ட காட்டிக் கேளுங்கோ. மூச்சு இழுத்தா, நாக்கு வீங்கினா பாத்துக்கொண்டிருக்காம உடன 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.