வீட்டுப்பள்ளி: ஜூன் மாச டைம்டேபிள் பத்து நாள்கூடத் தாங்கலை

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6. இந்த ஜூன்ல இருந்து ரெண்டு பேருக்கும் வீடுதான் பள்ளிக்கூடம். ஊருப் பிள்ளைங்க எல்லாம் புதுக்குடையோட பிரவேசனோத்சவத்துக்கு, அதாவது கேரளாவுல பள்ளி திறக்கற விழாவுக்குக் கிளம்புன அன்னைக்கே நானும் சார்ட் பேப்பர்ல கட்டம் போட்டு ஒட்டினேன். 9 மணி கணக்கு, 10 தமிழ், 11 மலையாளம்.

மூணாம் நாள் மழை பிடிச்சுது. பையன் 2 லிட்டர் பாட்டிலை அறுத்து, மேல்பாதியைக் கவுத்து வெச்சு மழைமானின்னான். வாசல்ல வெச்சா காத்து தூக்கி மாட்டுக்கொட்டாய்ல போட்டுருச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான் தெரியுமே! கனத்துக்கு உள்ள கல்லு போட்டான். கல்லு கிடந்தா மட்டம் பொய்யா ஏறும், பாட்டில் அடியும் மேடு பள்ளம். அதனால கல்லு மூழ்குற வரைக்கும் தண்ணி ஊத்தி, அங்க மார்க்கர்ல கோடு போட்டு அதைப் பூஜ்யம்னு வெச்சுக்கிட்டான். சொல்லிக் கொடுக்கலைங்க, அவனே யோசிச்சது. ஆனா அன்னைக்குக் கணக்கு நோட்டுல ஒரு வரி இல்லை.

சின்னவ கதை வேற. பக்கத்து வீட்டுச் சேச்சி "பட்டி, பட்டி!"ன்னு கத்துறாங்க, இவ எந்த ஊருப் பட்டின்னு கேட்டுட்டு நிக்கிறா. மலையாளத்துல பட்டின்னா நாய், அது பக்கத்துலயே வந்துருச்சு. அதுக்கப்புறம் இப்படி ரெண்டு மொழியிலயும் வேற வேற அர்த்தம் வர்ற சொல்லுக்குத் தனி நோட்டு போட்டிருக்கா. வெள்ளம் (மலையாளத்துல வெறும் தண்ணி), பட்டின்னு ஆரம்பிச்சு 14 சேர்ந்திருக்கு. இதை எந்தக் கட்டத்துல எழுதறது?

போன வாரம் எங்கப்பா வந்தாரு. பேரனைக் கூப்பிட்டு ஏழாம் வாய்ப்பாடு கேட்டாரு. ஏழெட்டுல நின்னுட்டான். அவரு ஒண்ணும் சொல்லலை, செருப்பு மாட்டும்போதுதான், "பெருசானா எந்தப் பரீட்சை எழுதுவான், கண்ணு?"ன்னாரு. ராத்திரி தூக்கமே இல்லை. டைம்டேபிளைக் கிழிச்சுறலாமா, இறுக்கிப் பிடிக்கணுமா?

செங்கோட்டைக்காரன்:
தங்கச்சி, முதல்ல அப்பாவுக்குப் பதில். தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ்னு சொல்லுவாங்கள்லா, அதுல 14 வயசு முடிஞ்சா பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அதுக்கு முன்னாடியும் ஏ, பி, சின்னு மூணு நிலை இருக்கு. 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமம். எங்க மூத்தவ இப்படித்தான் பத்து எழுதினா. இதை ஒரு தாள்ல எழுதி அவர் கையில கொடுத்துருங்க. வாயால சொன்னா பெரியவங்க நம்ப மாட்டாங்க.

டைம்டேபிளை நாங்க தலைகீழா மாத்திட்டோம். காலையில திட்டம் எழுதறதில்ல, ராத்திரி நடந்ததை எழுதுவோம். உங்க மழைமானி நாளைத் தேதி போட்டு எழுதிப் பாருங்க, அளவியல், அறிவியல் எல்லாம் அதுலயே கிடக்கு. தினமும் காலை 8.30க்கு அளக்கச் சொல்லுங்க. வானிலை மையத்துலயும் அந்த நேரந்தான். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். மொட்டைமாடியை அளந்து பெருக்கச் சொல்லுங்க, அப்புறம் உங்களைத் தூங்க விட மாட்டான்.

கம்பத்துப் பொண்ணு:
அண்ணன் சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். மழை பிரமாதம்தான், ஆனா வாய்ப்பாடு மழையில முளைக்காது. எங்க வீட்ல ரெண்டு வருசம் "தானா வரும்"னு விட்டோம், வரலை. இப்ப சாப்பாட்டுக்கு முன்னாடி 20 நிமிசம், ராகம் போட்டு. மத்த கட்டமெல்லாம் கிழிச்சாச்சு, அது ஒண்ணை மட்டும் விடலை.

வேலந்தாவளம்:
அக்கா, நம்ம ஊருப் பக்கமா! ஞாயித்துக்கிழமை நாங்க மூலத்தறைக்குப் போறோம், பசங்களைக் கூட்டிட்டு வாங்க. ஆழியாறு தண்ணி நம்ம வாய்க்காலுக்குப் பிரியற இடம். தமிழ்நாட்டோட போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில வருசத்துக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு வரணும். 1 டிஎம்சின்னா 100 கோடி கன அடி. பாட்டில்ல அளக்கறவன் இதையும் ஒரு தடவை பாக்கட்டுமே.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
அண்ணா, தாளை எழுதி அப்பாவுக்கு அனுப்பிட்டேன். மாடியை டேப் வெச்சு அளந்தாங்க. ஒரு பக்கம் 7 மீட்டர், ஒரு பக்கம் 8! விதியைப் பாருங்க. "ஏழெட்டு ஐம்பத்தி நாலு"ன்னு அடிச்சுச் சொன்னான். சின்னவ சாக்பீஸ்ல கட்டம் போட்டு எண்ணி 56ன்னா, அரை மணி நேரம் சண்டை. காலையில 11 மில்லிமீட்டர், ஆக 616 லிட்டர். எங்க தொட்டியோ 500 லிட்டர்தான். மிச்சம் எங்க போச்சுன்னு மழையில நின்னு குழாயைத் தடவிட்டு இருக்கான். கம்பத்து அக்கா, உங்க 20 நிமிசம் நாளையில இருந்து எங்க வீட்லயும் உண்டு. வேலந்தாவளம் தம்பி, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குங்க?