கல்லூரி வகுப்பில் படிக்கும் பள்ளி மாணவனுக்குக் கூடுதல் தேர்வு நேரம்: யாரிடம் கேட்பது?

கோவை_அம்மா:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறைவடையவில்லை. என் மகனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உண்டு. பள்ளியில் தேர்வுகளுக்கு ஒன்றரை மடங்கு நேரம் கொடுத்து வந்தார்கள். இந்தப் பருவத்தில் பள்ளியின் வழியாகவே கல்லூரி ஆங்கில வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். முதல் தேர்வில் அவன் கூடுதல் நேரம் கேட்டபோது, கல்லூரியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்று சொல்லிப் பேராசிரியர் பாதியிலேயே தாளை வாங்கிவிட்டார். பள்ளி ஆலோசகர் கல்லூரியைக் கேளுங்கள் என்கிறார்; கல்லூரியை அழைத்தால், மாணவரைப் பற்றி என்னிடம் பேச முடியாது என்கிறார்கள். பெற்ற தாயிடமே பேச மாட்டோம் என்பது என்ன நியாயம்? அடுத்த வாரம் வியாழக்கிழமை மிட்டெர்ம் தேர்வு. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஃப்ரிஸ்கோ_வாசி:
சகோதரி, இந்தக் கல்லூரி வகுப்பே தேவையில்லை என்பது என் கருத்து. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. வகுப்பு எடுத்தால் அதே பள்ளி, அதே ஆசிரியர், ஏற்கெனவே உள்ள சலுகை. தேர்வுக்கு மட்டும் அதை நடத்தும் காலேஜ் போர்டிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். நாங்கள் டெக்சாசுக்கு வந்த புதிதில் காரும் இல்லை, ஓட்டவும் தெரியாது, மகளின் சிறப்புக் கல்வியை முடிவுசெய்யும் ஏ.ஆர்.டி. கூட்டத்துக்கு ஜூலை வெயிலில் நடைபாதையே இல்லாத சாலையோரமாக நடந்து போயிருக்கிறேன். அப்படிப் போய் அழுத்திப் பேசியதால்தான் வேலை நடந்தது. பிறகு அவள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்கில் வரும் டூயல் கிரெடிட் வகுப்பு எடுத்தபோது பள்ளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது; நாங்கள் கல்லூரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆகவே நேரே தலைமை ஆசிரியரிடம் போய் உட்காருங்கள்.

எடிசன்_அப்பா:
நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். கல்லூரியில் எதையும் பதிவு செய்யாதீர்கள். குறைபாடு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அது மதிப்பெண் பட்டியலிலும் பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் வந்து நிற்கும். எங்கள் முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் பழுதாகி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் குழந்தைகளோடு கோட்டுப் போட்டுக்கொண்டே உறங்கினோம். யாரையும் கேட்காமல்தான் நிமிர்ந்தோம். பையன் இன்னும் கொஞ்சம் உழைத்தால் சரியாகிவிடும்.

மினசோட்டா_மாணவி:
எடிசன் ஐயா, மன்னிக்க வேண்டும். இப்படிச் சொல்லி அச்சுறுத்தாதீர்கள். நான் செவித்திறன் குறைவோடு பள்ளிக் காலத்திலேயே கல்லூரி வகுப்புகளில் படித்தவள். மதிப்பெண் பட்டியலில் சலுகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேராசிரியருக்குப் போன கடிதத்தில் என்ன ஏற்பாடு தேவை என்பதுதான் இருந்ததே தவிர, என்ன குறைபாடு என்பது இல்லை. 1973 ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவும் 1990 ஆம் ஆண்டின் ஏ.டி.ஏ. என்னும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் குடியுரிமை பார்த்துப் பாதுகாப்புத் தருபவை அல்ல. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கேள்வி எழ, தேர்வுக்குக் கூடுதல் நேரம் என்பது அரசு தரும் உதவித்தொகையும் அல்ல. டிஸ்லெக்சியா உழைப்பால் மறைவதும் இல்லை.

மதுரைக்காரர்:
இருந்தாலும் இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு இன்னொரு படிவம். தமிழ்நாட்டில் சான்றிதழைக் காட்டினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று எல்லாம் கிடைக்கிறது. இங்கே தனியாரிடம் மதிப்பீடு செய்யப் போனால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள்.

ஃப்ரிஸ்கோ_வாசி:
காப்பீட்டு நிறுவனமோ அது கல்விச் செலவு, மருத்துவச் செலவு அல்ல என்று கையை விரித்துவிடும். அந்தக் கதையை எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.

கல்லூரி_ஊழியர்:
புலம்பலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், வியாழக்கிழமை நெருங்குகிறது. அம்மா, எந்த மாநிலம், வகுப்பு நடப்பது பள்ளியிலா கல்லூரி வளாகத்திலா, பள்ளியில் இருப்பது ஐ.இ.பி. என்னும் தனிப்பட்ட சிறப்புக் கல்வித் திட்டமா அல்லது 504 ஆம் பிரிவின்படி சலுகை தரும் 504 திட்டமா, கடைசி மதிப்பீடு எப்போது நடந்தது என்ற நான்கையும் நீங்கள் எழுதவில்லை. ஃப்ரிஸ்கோ நண்பரின் மகளுக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே, பள்ளி ஆசிரியரே பாடம் நடத்தியிருக்கக்கூடும். அதனால் அவருடைய வழி உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

கோவை_அம்மா:
பொறுத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் விட்டுப்போயிற்று. வாஷிங்டன் மாநிலம், பள்ளி மாணவர்கள் கல்லூரியில் படிக்கும் ரன்னிங் ஸ்டார்ட் திட்டம், பதினொன்றாம் வகுப்பு. கல்லூரி வளாகத்துக்கே பேருந்தில் போகிறான். பள்ளியில் 504 திட்டம். கோவையில் மூன்றாண்டுகளுக்கு முன் எடுத்த உளவியல் அறிக்கை கையில் இருக்கிறது. இங்கு வந்தபின் பள்ளியும் ஒரு வாசிப்புச் சோதனை நடத்தியது.

கல்லூரி_ஊழியர்:
அப்படியானால் வளாகத்து வகுப்புக்குக் கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகம்தான் பொறுப்பு. பள்ளியின் 504 திட்டம் தானாக அங்கே போய்ச் சேராது. பள்ளி தானே குழந்தையைத் தேடிக் கண்டறிந்து தன் செலவில் மதிப்பீடு செய்யக் கடமைப்பட்டது; கல்லூரிக்கு அந்தக் கடமை இல்லை, மாணவர் வந்து கேட்டால்தான் அது அசையும். உங்களிடம் பேச மறுத்ததும் அலட்சியத்தால் அல்ல. மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் 1974 ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தவருக்குப் பதினாறு வயதே ஆனாலும் அங்குள்ள ஆவணங்களின் மீதான உரிமை அவருடையது. உங்களோடு பேசலாம் என்று மகன் கையொப்பமிட்டால் பேசுவார்கள். பள்ளி ஆவணங்களைப் பெறும் உரிமை உங்களிடமே இருக்கிறது. எனவே 504 திட்டத்தின் நகலையும் வாசிப்புச் சோதனை முடிவையும் நாளையே பள்ளியில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தை அவனே எழுத வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். குறைபாடு படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் ‘படிக்க நேரமாகும்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள், அது போதாது. நீண்ட பத்தியில் வரி தவறி மேல்வரிக்கே திரும்புகிறான், கேள்வியை மீண்டும் மீண்டும் படித்தபின்தான் பதில் எழுதத் தொடங்குகிறான் என்பது போல உள்ளதை உள்ளபடி எழுதட்டும். கோவை அறிக்கையையும் இணையுங்கள். அதில் சோதனைகளின் பெயரும் மதிப்பெண்களும் ஆங்கிலத்தில் இருந்தால் பயன்படும், ஏற்பது கல்லூரியின் முடிவு. முழு முடிவு வரும்வரை தற்காலிக ஏற்பாடு கிடைக்குமா என்று சந்திப்பிலேயே கேட்கச் சொல்லுங்கள். தனி அறைத் தேர்வுக்குப் பல கல்லூரிகளில் சில வேலைநாள்கள் முன்னதாகவே இடம் பதிய வேண்டும், அதனால் திங்கட்கிழமைக்கு மேல் தள்ளக் கூடாது.

கூடுதல் நேரம், அமைதியான அறை, பாடநூலின் ஒலிவடிவம் ஆகியவற்றைக் கேட்கலாம். கட்டுரையின் நீளத்தைக் குறைப்பது, எளிய பாடத்திட்டம், தனி ஆசிரியர் ஆகியவை கிடைக்கா. பாடத்தின் அடிப்படையை மாற்றக் கல்லூரி கடமைப்பட்டதல்ல.

மினசோட்டா_மாணவி:
நடந்து முடிந்த முதல் தேர்வுக்கு என்ன வழி?

கல்லூரி_ஊழியர்:
ஏற்பாடுகள் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருவதில்லை. மறுவாய்ப்பு தருவது பேராசிரியரின் விருப்பம், கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்த வகுப்பின் இறுதி மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்துவிடும், பின்னால் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது காட்டவும் வேண்டும். ஆகவே கல்வி நாட்காட்டியில், விலகினார் எனப் பொருள்படும் ‘டபிள்யூ’ குறியோடு வகுப்பிலிருந்து விலகக் கடைசி நாள் எது என்று இன்றே பார்த்து வையுங்கள். விலகினால் பள்ளிப் பட்டம் பெறத் தேவையான கிரெடிட் குறையுமா என்பதை மட்டும் ஆலோசகரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கோவை_அம்மா:
மிக்க நன்றி. அலுவலகத்தின் இணையப் படிவத்தை மகன் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறான். திங்கள் காலை பத்து மணிக்குச் சந்திப்பு கிடைத்திருக்கிறது. என்னோடு பேசுவதற்கான ஒப்புதல் படிவத்தை அன்றே நேரில் கையொப்பமிடலாம் என்று அவனிடம் சொன்னார்களாம்.